டிராக் பாடியவள்

ஞாயிற்றுக்கிழமை காலை. சேரப்பணஞ்சேரியில் கோதண்டத்தின் வீட்டு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி மரகதத்தின் மனசு அதைவிட அதிகமாக வெந்துகொண்டிருந்தது.

"அம்சா... நா சொல்றத ஒரே ஒரு தரம் கேளும்மா. மேடைக்கு போ, ஷீல்ட வாங்கிக்கோ, கும்புடு போட்டுட்டு எறங்கிடு. பாட மட்டும் வேணாம்..."

கூடத்தில் கண்ணாடி முன் பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்சவேணியின் கை அப்படியே நின்றது.

"இன்னா அண்ணி இது? விருது வாங்கறவங்க எல்லாரும் அந்தப் பாட்ட மேடையில பாடணும்னு சங்கத்துக்காரங்க நேத்தே போன்ல சொல்ட்டாங்க. வருஷா வருஷம் அதான் வழக்கமாம். எல்லாரும் பாடறப்ப நா மட்டும் வாய மூடிக்கினு நிக்கணுமா?"

அன்று சாயங்காலம் சென்னையில் ஒலிநாடா வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விருது விழா. சினிமாப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, பக்திப் பாட்டு என்று ஒவ்வொன்றிலும் அந்த வருஷம் ஜனங்களுக்குப் பிடித்த பாட்டு எதுவோ, அதைப் பாடியவருக்கு ஷீல்டு. பக்திப் பாட்டில் பரிசு பெற்றது 'காத்திருந்த வாசலிலே' என்கிற அம்மன் பாட்டு. பாடியவர் படப்பை அம்சவேணி என்று கேசட் அட்டையிலேயே போட்டிருந்தது. கோதண்டத்தின் கூடப்பிறந்த தங்கை. ஆடி மாசம் முழுக்க மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கோயில் ஸ்பீக்கரைக் கேட்டாலும் அந்தப் பாட்டுதான்!

வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த கோதண்டத்தின் சித்தி செல்லம்மாள் சும்மா இருப்பாளா?

"ஆங்... இப்பத்தாண்டி புரியுது! வயித்தெரிச்சல்... வேற இன்னா? தாங்கூட ஒரு காலத்துல பாடினவதானே, நம்மள மேடையேத்த ஆளு இல்லியே, நாத்தனா மட்டும் ஏறிட்டாளேன்னு கீது இவளுக்கு. வெளிய சொல்லத்தான் முடியல!"

"அய்யோ, அப்டியெல்லாம் இல்ல சித்தி..."

"பின்ன எப்டி?" என்று கேட்டுக்கொண்டே தலை துவட்டியபடி வந்தார் கோதண்டம். கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவர். அன்று லீவு சொல்லிவிட்டு, சலவை வேட்டியை முதல்நாளே எடுத்து வைத்திருந்தார். "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது மரகதம்? நா டெய்லி பஸ்ல அந்தப் பாட்டத்தான் போடறேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பசங்க தூங்கி வழிஞ்சிக்கினே வருவானுங்க. அந்த மேல போற எடம் வந்தா ஒருத்தன் விடாம முழிச்சிக்குவான். எனக்கே ரோடு கலங்கிப்பூடும்... அப்பேர்ப்பட்ட குரல்! அத போயி பாட வேணாம்ன்றியே, உனக்கு மனசாட்சி கீதா?"

மரகதம் இட்லித் தட்டை இறக்கி வைத்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயம் அவளுக்கு.

"இட்லி ஆறுது... எல்லாரும் வந்து சாப்டுங்க" என்றாள்.

அந்தக் குரல் அம்சாவின் குரல் இல்லை. மரகதத்தின் குரல்! அந்த வீட்டில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மணிமங்கலத்தில் பிறந்தவள் மரகதம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். நிச்சயம் செய்த அன்றே கோதண்டம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் மைக் பிடிக்கக் கூடாது. அவர் கொடுமைக்காரர் இல்லை. கை நீட்டியது கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். ஊர்க்காரன் நாலு பேர் பேசிவிடுவானே என்ற பயம்தான். நல்ல மனுஷர்களின் பயத்துக்குத்தான் இந்தப் பெண்கள் எத்தனை விலை கொடுக்க வேண்டியிருக்கிறது! மரகதம் சரி என்று தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் பாட்டெல்லாம் அடுப்படி முணுமுணுப்போடு சரி. வாய்விட்டுப் பாடி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் வாழ வந்தபோது அம்சா பாவாடை கட்டிய பொடிசு, தாயில்லாப் பிள்ளை. மரகதம்தான் தலைவாரி விட்டாள், சோறு ஊட்டினாள், அடுப்படியில் உட்கார வைத்துப் பாட்டும் சொல்லிக் கொடுத்தாள். வளர்ந்த பெண்ணை வாலாஜாபாத் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இல்லை என்று சொல்லி அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பையோடு வந்து இறங்கியவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான். மாசக்கணக்கில் பேச்சில்லை, சிரிப்பில்லை. 'நா எதுக்கும் லாயக்கில்ல அண்ணி' என்று எப்போதாவது ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக முணுமுணுத்து, அவளையும் முணுமுணுக்க வைத்து, மரகதம்தான் அந்தப் பெண்ணைச் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திருப்பினாள். தங்கை பாடினால் பிழைப்பாள் என்று தெரிந்ததும் கோதண்டத்தின் பயமும் தளர்ந்தது. தங்கைக்குத் தளர்ந்தது மனைவிக்கும் தளரக் கூடாதா என்று யாரும் கேட்கவில்லை. மரகதமே கேட்கவில்லை.

கம்பெனி ஆயுதபூஜையில் அம்சா பாடியதைக் கேட்டார் இசைக்குழு நடத்த வந்த காசிராஜன். தெற்கத்திக்காரர். அம்மன் பாட்டு கேசட் ஒன்று போடக் கூப்பிட்டார். துணைக்கு மரகதம் போனாள். ஏழு பாட்டை அம்சா அருமையாகப் பாடி முடித்தாள். எட்டாவது பாட்டுப் பதிவு அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிக்கொண்டது. பம்பைக்காரர்களும் உடுக்கைக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அக்கா, நீங்க சும்மா டிராக் பாடி வையிங்க. அவங்க வாசிக்கதுக்கு ஒரு கொரல் வேணும்லா? தங்கச்சி பொறவு வந்து பாடிக்கிடட்டும். இத அழிச்சிருவோம்" என்றார் காசிராஜன்.

ஸ்டுடியோக்களில் அதுதான் நடைமுறை. பாட வேண்டியவர் வருகிறவரை வேறு யாராவது பாடி வைப்பார்கள். அதன்மேல் வாத்தியங்களை முடித்துக்கொண்டு, பிறகு அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். அழிக்கப்போகிற குரல்தானே... யாருக்குத் தெரியப்போகிறது? அந்தத் தைரியத்தில் மரகதம் நெஞ்சைத் திறந்து பாடினாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்த அத்தனையையும் பாடினாள்!

உடம்பு தேறி வந்து அம்சாவும் பாடிக் கொடுத்தாள். கேசட் வெளியான பிறகுதான் காசிராஜன் மரகதத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்னிச்சிருங்கக்கா... ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். உங்களத அழிக்க மனசு வரல" என்றார்.

மரகதம் அவர் காலில் விழாத குறை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கய்யா! அவ பேர்லயே இருக்கட்டும். எட்டுல இந்தப் பாட்டத்தான் எல்லாரும் மெச்சறாங்க. இதப் புடிச்சிக்கினுதான் அவ எழுந்து நிக்கறா. இது அவ குரல் இல்லன்னு தெரிஞ்சா மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிடுவாய்யா..." என்று அழுது, அம்மன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அம்சாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அண்ணியின் வாயைப் பார்த்துப் பாடக் கற்றவள், மூச்சு விடுகிற இடம்கூட இருவருக்கும் ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர்கள் எதிரொலி சேர்த்து மெருகேற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புருஷனுக்காவது தெரியும் என்று மரகதம் உள்ளுக்குள் ஓர் ஆசை வைத்திருந்தாள். பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பாள். 'மரகதம், அது உன் குரல்தானே?' என்று ஒருநாளாவது கேட்டுவிட மாட்டாரா? ஹூம்... ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது மேடையில் பாடச் சொல்கிறார்கள். அந்த மேல் ஸ்தாயியில் அம்சா தடுக்கி விழுந்தால்? நூற்றுக்கணக்கான பேர் முன்னால் அந்தப் பெண் உடைந்து போனால்? 

செல்லம்மாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, மற்ற மூவரும் படப்பையில் பஸ் பிடித்து, தாம்பரத்தில் ரயில் ஏறினார்கள். கிளம்புவதற்கு முன்பே மரகதம் தெருமுனைக்கு ஓடி ஒரு ரூபாய் போனில் காசிராஜனைப் பிடித்திருந்தாள். அவரும் ஒரு வழி சொல்லியிருந்தார்.

கோடம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மத்தியானமே வரச் சொல்லியிருந்தார்கள். கோதண்டம் டீ குடிக்க வெளியே போக, பெண்கள் இருவரும் மேடைக்குப் பக்கத்தில் காசிராஜனிடம் வந்தார்கள்.

"தங்கச்சி, ஒண்ணும் பயப்படாதீய. உங்க கொரல் மட்டும் உள்ள டேப் கொண்டாந்திருக்கேன். அத ஓடவிட்டு நம்ம பயலுவ மேடையில வாசிப்பானுவ. நீங்க வாய அசைச்சாப் போதும். பெரிய பாடகருங்களே இப்பிடித்தான் செய்தாவ" என்றார்.

"எதுக்குண்ணே? எனக்கு இன்னிக்கி தொண்டை நல்லாத்தான கீது..." என்று அம்சா விழித்தாள்.

"ஒரு சேஃப்டிக்குத்தான்" என்று அவர் தரையைப் பார்த்தார். மரகதம் கூரையைப் பார்த்தாள்.

சரிபார்ப்பதற்காக ஸ்பீக்கர்காரர் டேப்பை ஓடவிட்டார். பம்பை இல்லை, உடுக்கை இல்லை, நாதஸ்வரம் இல்லை. காலி மண்டபத்தில் வெறும் குரல் மட்டும் எழுந்தது.

*காத்திருந்த வாசலிலே கால் பதிச்சு வா தாயே...*

வரிக்கும் வரிக்கும் நடுவில் கலகலவென்று ஒரு சின்னச் சத்தம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மறுபடியும். கண்ணாடி வளையல்!

அம்சாவின் முகம் வெளிறியது. பாடுகிற அறைக்குள் போகும்போது வளையலைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். முதல் நாளே அவளிடம் அதைச் சொல்லிவிட்டார்கள், அவளும் ஒருநாளும் தவறியதில்லை. டிராக் பாடுகிறவளிடம் யார் அதைச் சொல்லப் போகிறார்கள்? அழியப்போகிற குரல்தானே! கேசட்டில் பம்பைச் சத்தம் மூடி மறைத்திருந்ததை, இந்த டேப் அப்பட்டமாகக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அம்சா மெல்லத் திரும்பினாள். அண்ணியின் முழங்கை நோக்கி ஏறியிருந்த பச்சை வளையல்களைப் பார்த்தாள். அந்த மணிக்கட்டைப் பிடித்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லு அண்ணி. யார் குரல் அது?"

"அம்சா... அது வந்து..."

"என் தலை மேல கைய வச்சி சொல்லு!"

மரகதத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நீ நல்லா இருக்கணும்னுதான்டி... நீ மறுபடியும் படுத்துட கூடாதுன்னு... என் பேரு எனக்கு எதுக்கு? எனக்கு நீதானடி வேணும்!"

அம்சாவின் கண்ணிலும் நீர் கொட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

"ஒரு வருஷமா... ஊரே மெச்சறப்ப நா உன் எதிர்லயே பெருமையா நின்னுகினு இருந்தேன். காலையில சித்தி வாய்க்கு வந்தபடி பேசுது, அண்ணன் மனசாட்சி கீதான்னு கேக்கறாரு, நானும் மொறைச்சேன். நீ இட்லி ஆறுதுன்ற! உனக்கு கோவமே வராதா அண்ணி?"

"உங்கிட்ட எனக்கு இன்னா கோவம்..."

"எனக்கு வருது! உம்மேலதான் வருது! அந்த வூட்டுல என்ன ஒடஞ்ச பாத்திரம்னு தூக்கிப் போட்டாங்க. நீயும் அப்டித்தான் நெனச்சியா? உண்மைய சொன்னா செதறிடுவான்னு? என்ன பெத்தவ மாதிரி வளத்தியே... அந்த வளப்பு மேலகூட உனக்கு நம்பிக்கை இல்லியா?"

மரகதம் திகைத்து நின்றாள். இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கீழே விழுந்துவிடும் என்று கையிலேயே தூக்கி வைத்திருந்த பிள்ளை எப்போது நடக்கக் கற்றுக்கொண்டது?

"ஒண்ணு தெரியுமா? அந்த மேல போற எடம் எனக்கு இப்ப வரும். கேசட்டோட சேந்து தெனம் பாடிப் பாடி வந்துச்சு. உன் குரல புடிச்சிக்கினுதான் ஏறியிருக்கேன்... தெரியாமலே." அம்சா சட்டென்று அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்கி நா பாடினா ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க அண்ணி."

"அப்ப பாடிடு கண்ணு! பாடிட்டு ஷீல்ட வாங்கிக்கோ. இதோட உட்டுடு, நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்..."

 அம்சா அண்ணியின் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

விழா ஆரம்பமாகி மண்டபம் நிறைந்தது. வரிசை நடுவில் கோதண்டமும் மரகதமும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். சினிமாப் பாட்டுக்காரர் பாடினார், கைதட்டல். நாட்டுப்புறப் பாட்டுக்காரர் பாடினார், விசில்கூடப் பறந்தது. பிறகு படப்பை அம்சவேணியைக் கூப்பிட்டார்கள். கோதண்டம் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்சா மைக் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பாட்ட நா பாடல..."

மண்டபம் சலசலத்தது.

"அந்த கேசட்ல மத்த ஏழு பாட்டும் என்னுது. இது ஒண்ணு மட்டும் எங்க அண்ணியோடது. டிராக்குக்கு பாடினாங்க, அதையே வச்சிட்டாங்க. எனக்கே இன்னிக்கி மத்தியானந்தான் தெரியும். நா பேரெடுக்கணும்னு ஒரு வருஷமா அவங்க வாயே தொறக்கல. கேசட் கம்பெனிக்காரங்கள தப்பு சொல்லாதீங்க. தப்பு எங்க வூட்டுது. இவ்ளோ நல்லா பாடறவங்கள நாங்க ஒருத்தரும் ஒருநாளும் பாட சொன்னதே இல்ல. அண்ணி... மேல வா."

எல்லாத் தலைகளும் திரும்பின. கோதண்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் செத்துவிட்டது.

"மரகதம்... பஸ்ல... தெனம்... அது நீயா?"

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே..."

எழுந்துவிட்ட மரகதம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள். "சொல்லித்தான் தெரியணுமாங்க? கட்டினவருக்கு எங்குரல் தெரியும்னு நெனச்சேன். தெனமும் சாயங்காலம் நீங்க கேப்பீங்கன்னு காத்துகினு இருந்தேன்."

அதில் ஆத்திரம் இல்லை, இடித்துக்காட்டும் தொனிகூட இல்லை. அதனாலேயே அவரால் தாங்க முடியவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனசு பண்ணுகிறவர் போல, "போ மரகதம்... நீ போயிட்டு வா" என்றார்.

"போகத்தாங்க எழுந்தேன்" என்றாள் மரகதம்.

கோதண்டம் அவசரமாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிட்டார். அவரைக் கடந்து, பக்கத்து நாற்காலிகளைக் கடந்து அவள் நடந்தாள். எங்கோ ஓர் ஓரத்தில் தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. மேடைப் படியில் அம்சா இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சங்கத்துப் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். காசிராஜன் போய் ஏதோ சொன்னார், அவர்கள் சம்மதமாகத் தலையசைத்தார்கள்.

தொகுப்பாளர் மைக்கோடு அருகில் வந்தார். "திருமதி கோதண்டம்னு அறிவிச்சுடலாங்களா?"

"மணிமங்கலம் மரகதம்" என்றாள் அவள். "அப்டி சொல்லுங்க."

அப்படியே அறிவித்தார்கள். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். அம்சா பக்கத்தில் நின்று மெல்லச் சுருதி பிடித்தாள். மரகதம் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தாள். மூன்றாவது சொல்லில் குரல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கண் திறந்தபோது கோதண்டம் தெரிந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் எழுந்து நின்று, துண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, மறைக்காமல் அழுதுகொண்டிருந்தார்.  அவரைப் பார்த்தபடியே அவள் பாட்டைத் தொடர்ந்தாள்.

பல்லவி முடிந்தது. தொகுப்பாளர் பக்கத்தில் வந்து, "ரொம்ப அருமைம்மா... ஆனா இன்னும் நிறைய பேர் இருக்காங்க, இதோட போதும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"இருங்க சார்" என்றாள் மரகதம். "இனிமேதான் பாட்டே கீது."

சொல்லிவிட்டுச் சரணத்தை எடுத்தாள்.